பிடிப்பா, ஆயுளா: தேய்ந்த பைக் டயரை மாற்றும்போது எதைப் பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல்சர் என்எஸ் 200. பின் டயரில் பட்டன் (பள்ளங்களுக்கு இடையே துருத்தி நிற்கும் ரப்பர்) தேய்ந்து மொட்டையாகப் போகிறது. தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வர தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று ஒரு பயணம். ஆக வருடத்துக்குச் சுமார் 15,000 கி.மீ. டயர் கடைக்காரர் "நல்லா உழைக்கும், கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்று கெட்டி ரப்பரில் செய்த ஒரு ஹார்ட் டயரைக் காட்டுகிறார். கூட வரும் நண்பர்கள் "சாஃப்ட் காம்பவுண்ட் போடாம மலைக்கு வராதே" என்கிறார்கள், அதாவது மென்மையான ரப்பர்க் கலவையில் செய்த டயர். இரண்டில் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். பின்னால், நடுவே கெட்டியான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்துச் செய்த டூயல் காம்பவுண்ட் டயர் உங்கள் அளவில் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்போர்ட் டூரிங் என்று விற்கும் நடுத்தர வகை. முன்னால், கிடைப்பதிலேயே ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர். முன் டயருக்கு ஆயுளைப் பற்றிக் கவலையே படாதீர்கள். இது உங்களுக்கான பதில். வருடத்துக்கு 4,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அதனால் காரணங்களையும் எழுதுகிறேன்.

பிடிப்பும் ஆயுளும் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன? தார்ச் சாலை கண்ணுக்குத்தான் சமம். கிட்டத்தில் பார்த்தால் ஜல்லியின் முனைகளும் குழிகளும்தான். மென்மையான ரப்பர் அந்தக் குழிகளுக்குள் பிதுங்கி இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படி அமுங்கி விரியும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. பிடிப்பில் ஒரு பங்கு அந்த ஆற்றல் இழப்பிலிருந்துதான் வருகிறது. அதே இழப்புதான் டயரைச் சூடாக்குகிறது, தேய்க்கிறது, பெட்ரோலையும் கொஞ்சம் கூடக் குடிக்க வைக்கிறது. கெட்டி ரப்பர் அவ்வளவாக அமுங்காது. அதனால் அதிகம் உழைக்கும், குறைவாகப் பிடிக்கும்.

இந்த இழுபறியை ஓரளவு தளர்த்தியது சிலிக்கா. முன்பெல்லாம் ரப்பருக்கு வலுவூட்டக் கரித்தூள் மட்டுமே சேர்த்தார்கள், டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். கரித்தூளில் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்தால், ஈரச் சாலையில் பிடிப்பு கூடுகிறது, உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைகிறது. 1992-இல் மிச்செலின் கார் டயரில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. இப்போது நல்ல பைக் டயர்களிலும் சிலிக்கா சாதாரணம். ஆகவே கடையில் "சாஃப்டா, ஹார்டா" என்று மட்டும் கேட்காமல் "சிலிக்கா காம்பவுண்டா" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்குக் கீழே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நகத்தால் அழுத்திப் பார்த்து சாஃப்ட், ஹார்ட் என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரப்பரின் கடினத்தை அளக்க டியூரோமீட்டர் என்று தனிக் கருவியே இருக்கிறது, அதுகூட ஈரத்தில் எப்படிப் பிடிக்கும் என்று சொல்லாது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். டயர் விலையை மொத்தமாகப் பார்த்தால் பயமாக இருக்கும். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். கணக்குக்காக மூன்று பின் டயர்களை எடுத்துக்கொள்வோம். ஹார்ட் டயர் 3,000 ரூபாய், 25,000 கி.மீ. உழைக்கிறது, கிலோமீட்டருக்கு 12 பைசா. நடுத்தரம் 3,800 ரூபாய், 18,000 கி.மீ.; 21 பைசா. சாஃப்ட் 4,500 ரூபாய், 12,000 கி.மீ.; 37 பைசாவுக்கு மேல். உங்கள் ஊர் விலையையும் நீங்கள் ஓட்டும் விதத்தையும் பொறுத்து எண்கள் மாறும், ஆனால் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் வரும். இதைப் பெட்ரோலோடு வைத்துப் பாருங்கள். லிட்டர் 100 ரூபாய், 40 கி.மீ. மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 50 பைசா. ஹார்டிலிருந்து நடுத்தரத்துக்கு மாறினால் வருடத்துக்கு உங்களுக்குக் கூடும் செலவு 1,400 ரூபாய்க்குள். சாஃப்டுக்குப் போனால் 3,800 ரூபாய் அளவு, அதோடு வருடம் முடிவதற்குள் மறுபடியும் கடை வாசலில் நிற்க வேண்டும். முதல் தொகையை நான் யோசிக்காமல் கொடுப்பேன். இரண்டாவதை, தினமும் ஜிஎஸ்டி சாலையிலும் வண்டலூர்ச் சாலையிலும் நேராக ஓடித் தேயப்போகிற டயருக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த 1,400 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? இரண்டு பைக்குகள் ஈரச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒரே இடத்தில் இருவரும் முழு பிரேக் பிடிக்கிறார்கள். ஒன்றின் டயர் மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகப் பிடிக்கிறது. நல்ல டயர் உள்ள வண்டி 18 மீட்டரில் நின்றால் மற்றது நிற்க 24 மீட்டர் ஆகும். ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 30 கி.மீ. இருக்கும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முக்கால் பங்கு ஆற்றலை பிரேக் எடுத்துவிட்டாலும் மிச்சமுள்ள கால் பங்குக்குப் பாதி வேகம் இருக்கும். அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால் ஒருவர் அதைத் தொடாமல் நிற்கிறார், மற்றவர் 30 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டயரிடம் இருக்கும் பிடிப்பைத்தான் அது பயன்படுத்துகிறது, இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

கால் பங்கு வித்தியாசம் நிஜமா என்று கேட்கலாம். காய்ந்த சாலையில் அவ்வளவு தெரியாது. நம் ஊர் வெயிலில் மே மாத மதியம் தார் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டில் ஹார்ட் டயர்கூட இளகி நன்றாகவே பிடிக்கும். குளிர் நாடுகளில் சாஃப்ட் டயரின் பெரிய லாபம், அது சீக்கிரம் சூடேறுவது. ஊட்டி, கொடைக்கானலில் விடிகாலையில் ஓட்டும்போது தவிர நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு வித்தியாசம் தெரிவது மழையில். அதிலும் நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் ரப்பர் துகளும் தண்ணீரோடு கலந்து ஒரு படலமாக நிற்கும். அது கழுவிப் போகும்வரை சிக்னலில் உள்ள வெள்ளைக் கோடுகளும் மேம்பால இணைப்பு இரும்புகளும் சாக்கடை மூடிகளும் மிக மோசமாக வழுக்கும். ஹார்ட் டயர் போட்டு இரண்டு வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட ஈரத்தில் அவசர பிரேக் பிடிக்க நேராதவர்கள்.

முன் டயரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பலமாக பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின் சக்கரம் கிட்டத்தட்ட லேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. வளைவில் பின் டயர் கொஞ்சம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திச் சமாளிக்க நேரம் கிடைக்கலாம். முன் டயர் வழுக்கினால் நமக்குத் தெரிவதற்குள் கீழே கிடப்போம். தேய்வது மட்டும் தலைகீழ்: எஞ்சின் தள்ளுவது பின் டயரை, பின்னால் உட்காருபவரின் எடையும் அதன்மேல்தான். என்எஸ் மாதிரி வண்டியில் ஒரு முன் டயர் தேய்வதற்குள் இரண்டு பின் டயர் தீர்ந்துபோவது சாதாரணம். அதனால்தான் ஆயுளுக்கான சமரசத்தைப் பின்னால் மட்டும் செய்துகொள்ளுங்கள் என்கிறேன். முன்னால் நல்ல டயர் போட்டாலும் அது பல வருடம் வரும், கூடுதல் செலவு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஒரே கம்பெனியின் ஒரே வகையில் முன்னும் பின்னும் ஜோடியாகக் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, ஜோடியாக வைத்துத்தான் கம்பெனி சோதித்திருக்கும். பெரிய வண்டிகளுக்கு ஜோடியைக் கலைக்கவே கூடாது என்பேன்.

அடுத்தது வயது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெட்டியாகிக்கொண்டே போகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் வேலையைச் செய்யும். பட்டன் முழுதாக இருக்கும், ஆனால் பள்ளங்களின் அடியிலும் சைடு வாலிலும் மயிரிழை போல விரிசல் ஓடும். வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓட்டுகிறவர் 25,000 கி.மீ. உழைக்கும் டயரைப் போட்டால் அது தேய ஆறு வருடம் ஆகும். அதற்கு முன்பே ரப்பர் செத்துவிடும். அவர் ஆயுளுக்காக விட்டுக்கொடுத்த பிடிப்பு அவருக்கு எந்தப் பணத்தையும் மிச்சம் பிடித்துத் தராது. குறைவாக ஓட்டுகிறவர்தான் துணிந்து சாஃப்ட் டயர் போட வேண்டியவர். நம் ஊரிலோ வார இறுதியில் மட்டும் வண்டியை எடுக்கிறவர் "நான் எங்கே ஓட்டுறேன்" என்று மலிவான ஹார்ட் டயர் போடுகிறார், தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் சாஃப்ட் தேடுகிறார்.

அதனால் டயரை வாங்குவதற்கு முன் சைடு வாலில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 1525 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்குள் செய்த டயர் கிடைத்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதை நான் வாங்க மாட்டேன். திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், உங்கள் ஒரகடத்திலேயே அப்போலோவின் ஆலை, மதுரையில் யூரோகிரிப் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா என்று டயர் கம்பெனிகள் நம்மைச் சுற்றியே இருந்தாலும் கடை அலமாரியில் பழைய சரக்கு இருக்கத்தான் செய்யும். அதிகம் விற்காத அளவுகளிலும் இறக்குமதி டயர்களிலும் கூடுதல் கவனம் தேவை. கடை வாசலில் வெயிலில் தொங்கும் டயரை வாங்காதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, பணம் உங்களுடையது. மாட்டிய பிறகும், ஐந்து வருடம் ஆனதும் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுவது என் பழக்கம். கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் சோதித்து, அதிகபட்சம் பத்து வருடம் என்று சொல்வதுண்டு. வெயிலில் நிற்கும் பைக்குக்கு அந்தப் பத்து வருடத்தை நான் ஏற்கவில்லை.

இதையொட்டி உங்கள் முன் டயரையும் கவனியுங்கள். பட்டன் இருக்கிறது என்பது மட்டும் போதாது. தேதியைப் பாருங்கள், விரிசலைப் பாருங்கள், பட்டன்களின் ஓரம் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பிரேக் பிடித்துப் பிடித்து முன் டயர் அப்படித் தேயும். அப்படியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

எப்போது மாற்றுவது என்பதில் சட்டம் தாராளமாக இருக்கிறது. நம் மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. ஆழப் பள்ளம் வரை அனுமதிக்கின்றன, டயர் பள்ளத்துக்குள் உள்ள தேய்மானக் குறியும் அந்த அளவில்தான் இருக்கும். காய்ந்த சாலையில் அது போதும். ஆனால் செப்டம்பர் மாதத்தில் 2 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாற்றுங்கள். இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம் என்று இழுத்தால் டயர் மிக மோசமான நிலையில் இருக்கும்போது மழை சரியாக வந்து நிற்கும். நேர் சாலையில் அதிகம் ஓடிய பின் டயருக்கு இன்னொரு கோளாறும் உண்டு: நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்குவது போல வண்டி தயங்கித் திடீரென்று சாயும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தயக்கம் ஒவ்வொரு வளைவிலும் தெரியும். டூயல் காம்பவுண்ட் டயரில் நடுவே கெட்டி ரப்பர் வைப்பது இந்தத் தட்டையாவதைத் தள்ளிப்போடத்தான். சாயும்போது தரையைத் தொடுவது ஓரத்து மென்மை ரப்பர். உங்களைப் போல வாரம் முழுக்க நேர் சாலை, எப்போதாவது மலை என்று ஓட்டுகிறவர்களுக்கே செய்தது மாதிரி.

அளவை மாற்றாதீர்கள். என்எஸ் 200-க்கு முன்னால் 100/80-17, பின்னால் 130/70-17. பின்னால் 140, 150 போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று சொல்வார்கள். அதே ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, டயரின் வளைவு கூர்மையாகிறது, தரையில் படும் ரப்பர் நினைத்த அளவு கூடுவதில்லை. வண்டி திரும்பத் தயங்கும், மைலேஜ் குறையும், செயின் பக்கமோ ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உரசவும் வாய்ப்புண்டு. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் எடையும் வேகமும். 62 பி (P) என்றால் 265 கிலோ தாங்கும், 150 கி.மீ. வேகம் வரை சரி. எஸ் என்றால் 180, எச் என்றால் 210. வண்டியோடு வந்ததைவிடக் குறைந்த எண்ணோ குறைந்த வேக எழுத்தோ உள்ளதை வாங்காதீர்கள், கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

ரேடியல் டயர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அளவில் 17-க்கு முன்னுள்ள சிறு கோட்டுக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் ரேடியல், அதாவது உள்ளே இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும் வகை. வேகத்தில் சூடு குறைவாகும், தரையில் படும் பரப்பு நிலையாக இருக்கும், நெடுஞ்சாலைக்கு நல்லது. பின்னால் ரேடியலும் முன்னால் சாதாரண பயஸ் டயரும் (இழைகள் சாய்வாகக் குறுக்கே போகும் வகை) இருக்கலாம், சில வண்டிகள் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று மட்டும் தலைகீழாகப் போடாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு நல்ல பயஸ் டயரே போதும், ரேடியலுக்காக மெனக்கெட வேண்டாம். பட்டன் பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்பதும் மண் சாலைக்குத்தான் பொருந்தும். தாரில் பிடிப்பது ரப்பர். பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியேற்ற.

எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லக் கேட்டீர்கள். எம்ஆர்எஃப் ரெவ்ஸ், யூரோகிரிப் புரோடார்க், அப்போலோ ஆல்ஃபா, மிச்செலின் பைலட் ஸ்ட்ரீட் ஆகிய வரிசைகளில் உங்கள் இரண்டு அளவிலும் எது கிடைக்கிறது என்று பாருங்கள். அதில் தேதி புதிதாக இருப்பதை வாங்குங்கள். இந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைவிட, புது டயருக்கும் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த டயருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த டயர் போட்டாலும் இங்கே கோட்டை விட்டால் ஆயுளும் போகும், பிடிப்பும் போகும். காற்று குறைந்தால் ஓரங்கள் தேயும், டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். கூடினால் நடுப்பகுதி தேயும், மழையில் வழுக்கும். செயின் கவரிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். டபுள்ஸ் போகும்போது பின்னால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டிவந்து பங்கில் பார்த்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும், பங்க் மீட்டர்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. நைட்ரஜன் தேவையில்லை, இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கிறவரின் நடுத்தர டயர், ஆறு மாதம் பார்க்காதவரின் ஹார்ட் டயரைவிட அதிகம் உழைத்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், டயரின் லேசான இடம் அது. ட்யூப்லெஸ் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், மிகச் சின்னச் செலவு. பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு இரண்டு பக்கச் செயின் அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா, செயின் டென்ஷன் சரியா என்று பார்த்துவிடுங்கள், சக்கரம் கோணலாக நின்றால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமன்செய்வது) செய்யும் கடையாக இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். முதல் 150, 200 கி.மீ. வரை பலமாக சாய்க்காதீர்கள், அவசியம் இல்லாமல் முழு பிரேக் பிடிக்காதீர்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓரம் வரை பழக்குங்கள். அதனால் ஏற்காடு பயணத்துக்கு முந்தின நாள் டயர் மாற்றாமல், ஒரு வாரம் முன்பே மாற்றி ஒரகடம் போய்வந்துவிட்டுக் கிளம்புங்கள்.